டீனைத் திட்ட வந்தவள்

என் பிடிவாதக்காரிக்கு,

ஆயுள் முழுக்க அடுத்தவரை நடக்கவைத்த பிசியோதெரபி பேராசிரியை நான், முழங்கால் அறுவைசிகிச்சைக்குப் பின் கட்டிலைவிட்டு இறங்கவே பயந்து கிடந்தேன். எனக்குப் பயிற்சி கொடுக்க வந்த, என்னிடம் படித்த பிள்ளைகளோ, "வலிச்சா அப்புறம் பாத்துக்கலாம் மேடம்" என்று மரியாதையாக நகர்ந்துவிட்டார்கள். கால் விறைத்துக்கொண்டே போனது.

நான் டீன் ஆன நாளிலிருந்து என்னோடு பேசாத நீ, நேற்றுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாய்.

"டீனைத் திட்ட அதுங்களுக்குப் பயம். எனக்கென்னடி பயம்? எழுந்திரு."

உன் தோளைப் பிடித்து அழுதுகொண்டே ஜன்னல்வரை நடந்தேன். நாம் இருவருமே ஆசைப்பட்ட அந்தப் பதவியைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நன்றி என்று எழுதினால் கிழித்துப் போடுவாய். நாளை மாடிப்படி ஏறச் சொல்லியிருக்கிறார்கள். நீ வந்தால்தான் ஏறுவேன்.

உன் பழைய விடுதி அறைத்தோழி