ஆற்றிக் கொடுத்த தண்ணி

கழக்கூட்டம்

அன்பு மகள் ஜெஸிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் உன் அம்மை காதில் விழும், அதனால்தான் ஒன்பதாம் கிளாஸ் கையெழுத்தோடு மல்லுக்கட்டுகிறேன், கூட்டிப் படித்துக்கொள் மக்களே. எங்கள் காலேஜ் கேம்பஸில் தண்ணிப் பஞ்சம் இன்னும் தீரவில்லை. கிணறு அடியைத் தொட்டுவிட்டது, ஒழுகுகிற பைப்பையெல்லாம் அடைத்துவிட்டு மோட்டாரைக் காலையில் மட்டும் போடுகிறேன், பிள்ளைகள் எனக்கு ஜலமந்திரி என்று பேர் வைத்திருக்கிறார்கள். பற்றாத தண்ணிக்கு டாங்கர் லாரி வந்தது, அதைப் பார்த்து முதலில் பல்லைக் காட்டியவன் நான்தான். அந்தத் தண்ணியில்தான் கிருமி என்று இப்போது டெஸ்டில் வந்திருக்கிறது. ஹாஸ்டல் மெஸ் அடுப்படியில் உன் அம்மை பதிமுகப் பட்டை போட்டு நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தாள். மத்தியானம் கிளாஸ் விட்டு ஓடி வருகிற பிள்ளைகள், சேச்சி, வாய் வைக்க முடியவில்லை, சுடுகிறது என்று நிற்குமாம், இவள் மனசு கேட்காமல் பாதிக்குப் பாதி பைப்புத் தண்ணி விட்டு ஆற்றிக் கொடுத்திருக்கிறாள். இந்த ஊரில் கல்யாண வீட்டிலும் அதுதானே பழக்கம். மஞ்சள்காமாலையில் ஹாஸ்டலில் இருந்த அந்த வித்துரா ஊர்ப் பிள்ளை ஷில்பா இறந்த அன்றைக்கு நீ போனில் அம்மையிடம் சொன்னாய், பச்சைத்தண்ணி கலந்தால் கொதிக்க வைத்து என்ன பிரயோஜனம், நீங்கள் ஜாக்கிரதையாக இருங்கள் அம்மா என்று. நர்ஸ் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னாய், கலந்தது உன் அம்மைதான் என்று உனக்கு எப்படித் தெரியும்.

அன்றைக்கு வைத்த போனை அவள் பிறகு எடுக்கவில்லை, வேலைக்கும் போகவில்லை. போன ஞாயிறு சர்ச்சுக்குக்கூட வராமல் வித்துராவுக்குப் போகணும் என்று நின்றாள், கூட்டிக்கொண்டு போனேன். ஷில்பாவின் அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு, மோள் எப்பவும் சேச்சியைப் பற்றித்தான் சொல்லுவாள் என்று அழுதது. இவள் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாள். நான் இடையில் புகுந்து மழுப்பப் பார்த்தேன், என் மலையாளம் நல்ல நாளிலேயே நொண்டும். அந்தப் பெண் கையை விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. இப்போது வீட்டில் நான் தண்ணி கேட்டால் அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைத்து, தானாக ஆறும்வரை என்னைத் தொட விடாமல் பக்கத்திலேயே நிற்கிறாள். ஜலமந்திரி சொந்த வீட்டில் நாக்கு வறண்டு கிடக்கிறேன். உன் தப்பில்லை அம்மா என்று நீ ஆரம்பிக்காதே, நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், எழுந்து போய்விடுகிறாள். நீயும் உன்னைக் குறை சொல்லிக்கொண்டு உட்காராதே.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் கூடவே இருந்து காக்கட்டும். நைட் டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. எடுக்கவில்லையே என்று கூப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதே மக்களே. நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு, அடித்து ஓயும்வரை உன் பேரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
நேசையன்