எண்ணெய் குடித்த தோட்டாக்கள்

தவிட்டு வாசனையோடு வீட்டுக்குள் நுழைகிற என் நைனாவுக்கு,

நேரில் உங்களை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். பேனாவை எடுத்தால் ‘நீங்கள்’ என்று வருகிறது. பி.ஏ. படித்ததன் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வம்சத்திலேயே முதல் பட்டம் என்று, மிஷினுக்கு நெல் அரைக்க வந்தவர்களுக்கெல்லாம் நான் கறுப்பு அங்கி போட்ட படத்தைக் காட்டினீர்களே, அது இப்போது கூடத்தில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்களுடையதற்கு மட்டும் மாலை போட்டிருக்கிறோம்.

பயமாக இருக்கிறது, நைனா. வேறு சேதிகளுக்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பங்காளி மகன் ஏகாம்பரத்துக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. தினமும் சாயங்காலம் உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் திரும்பும்போது நம் வாசல் படலுக்கு முன்னால் நிற்கிறான். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்கிறான்: “இன்னா பாப்பா, தோட்டா இந்தத் தபா வெடிக்குமா?” அவ்வளவுதான். மணியை ஒரு தரம் அடித்துவிட்டுப் போய்விடுகிறான். நான் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். கேள்வி கேட்டதற்கெல்லாம் கேஸ் எழுத முடியாது என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு நடந்ததை வீட்டில் பார்த்தவள் நான் ஒருத்திதான். அம்மா பிரதோஷத்துக்குத் திருப்புலிவனம் போயிருந்தாள். விளக்கு வைக்கிற நேரம். கிணற்றுப் பங்கில் மோட்டார் வைக்கிற தகராறில் அவன் அரிவாளோடு வாசலேறி வந்தான். நீங்கள் அலமாரியிலிருந்து ரிவால்வரை எடுத்து, “நில்றா அங்கியே” என்றீர்கள். அவன் நிற்கவில்லை. அரிவாளை ஓங்கினான். நீங்கள் அழுத்தினீர்கள். டக். மறுபடி அழுத்தினீர்கள். மறுபடி டக்.

அந்தக் கணத்தில் நீங்கள் அவனைப் பார்க்கவில்லை, நைனா. கையிலிருந்த ரிவால்வரைப் பார்த்தீர்கள். ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சின் திடீரென்று நின்றால் ஒரு பார்வை பார்ப்பீர்களே, அந்தப் பார்வை.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் உங்களுக்கு நினைவு வந்தது. என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். “ஏன் பாப்பா வெடிக்கல?” தெரியாது நைனா என்றேன். எட்டாம் நாள் போய்விட்டீர்கள். அப்போது எனக்கு நிஜமாகவே தெரியாது. இப்போது தெரியும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கோர்ட்டில் காட்டுவதற்கு, வெடிக்காத அந்த இரண்டு தோட்டாக்களை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் ரிவால்வரைத் திருப்பிக் கொடுத்தார்கள். லைசென்சை என் பேருக்கு மாற்றச் சொல்லி மனு எழுதிப் போட்டேன். கலெக்டர் ஆபீசில் ஒரு குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வூட்ல ஆம்பள யாரும் இல்லியா?” என்றார். அம்மாதான் சொன்னாள்: “இருந்தாரு. அவரு பேர வெட்டிட்டுத்தான் இவ பேர எழுதப் போறீங்க.”

லைசென்ஸ் வந்தது. தோட்டாவுக்கு எங்கே போவது? காஞ்சிபுரத்தில் விசாரித்த இடத்தில், நாட்டுத் துப்பாக்கிக்கான மருந்தும் ரவையும்தான் இருந்தது. அங்கே நின்றிருந்த ஒருவர் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு, “காலித் தோட்டா இருந்தா எடுத்தாங்க, மருந்து அடச்சித் தரேன். லைசென்சுல கூட எழுத வாணாம்” என்றார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “சாவு வூட்டுலர்ந்து வந்துகினு கீறோம். இன்னொரு சாவுக்கு வழி சொல்றியா?”

பிறகு பட்டணத்துக்குப் போனோம். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு சந்தில் துப்பாக்கிக் கடை. கண்ணாடிக் கதவைத் தள்ள எனக்குக் கூச்சம். தையல் கடைக்குள் நுழைவதுபோல அம்மா நுழைந்துவிட்டாள். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, யாருக்கு என்றார். எனக்கு என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. அம்மா என்னைச் சுட்டினாள்.

ரிவால்வரையும் கையோடு கொண்டுபோயிருந்தது நல்லதாயிற்று. தோட்டா அளவுக்கு முப்பத்திரண்டு என்று பேர் இருந்தால் எல்லாம் ஒன்றில்லையாம். குட்டையும் உண்டு, நீளமும் உண்டு, பேரை மட்டும் நம்பி வாங்கக் கூடாதாம். குழலின் மேல் வெட்டியிருந்த எழுத்தைப் படித்துப் பார்த்துக்கொண்டார். அப்புறம் நம் வீட்டு மிச்சத் தோட்டாக்களைக் கேட்டார். பெட்டியைத் திறந்து மேஜைமேல் வைத்தேன்.

ஒன்றை எடுத்துத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். விரலால் தேய்த்தார். முகர்ந்தார்.

“இது இன்னா எண்ணெ?”

“மிஷின் எண்ணெ” என்றாள் அம்மா. “எங்களுது நெல்லு மிஷினு.”

“தோட்டாவுக்கு எதுக்குமா எண்ணெ?”

“இரும்பு சாமான்னா போடத்தான?”

“துப்பாக்கிக்குப் போடுங்க. அதுவும் தொட்டுத் தடவி, தொடச்சிடணும். இந்த நடுவுல வட்டமா கீது பாருங்க, கேப்பு. இதுக்குள்ளதான் நெருப்பு. எண்ணெ இந்த இடுக்குல எறங்கிச்சின்னா மருந்து ஊறிடும். ஒரு தபா போட்டா தப்பிச்சாலும் தப்பிக்கும். எத்தினி வருஷம் போட்டீங்க?”

எத்தனை வருஷம், நைனா? நான் பாவாடை கட்டின நாளிலிருந்து. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எஞ்சினுக்கும் படிக்கல்லுக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்து, கடைசியில் ரிவால்வர். நீங்கள் மணைமேல் உட்கார்ந்து, “தோட்டாவையும் வுடாத பாப்பா, எண்ணெ போடாத எந்த சாமான் வேல செய்யும்?” என்பீர்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பித் தேய்ப்பேன். காலேஜ் ஹாஸ்டலிலிருந்து அதற்கென்றே லீவு போட்டு வருவேன். துடைத்துப் பளபளவென்று அடுக்கி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து. அந்த வட்டத்துக்கு நடுவில்தான் குங்குமம் வைப்பேன். பொட்டு வைக்க வாகாக இருக்கும்.

“யாரு போட்டது?” என்றார் கடைக்காரர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். “நான்தான்.”

அவள் ஒரு நாளும் அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை. உங்களுக்குத் தெரியும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று பழைய சரக்கு. பெட்டி மட்டும் பார்க்க அழகாக இருந்தது. இன்னொன்று வந்து ஆறு மாசம்கூட ஆகாதது. “செஞ்ச எடம் ரெண்டும் நல்ல எடம்தான். ஆனா இந்தப் பழசு எத்தினி மழைக்காலம் யார் வூட்டுப் பரண்ல கெடந்துதுன்னு யாருக்குத் தெரியும்?” என்றார். புதியதை எடுத்துக்கொண்டோம். அதிலும் முனையில் இரண்டு தினுசு இருந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், சுவர் என்ன சுவர் என்று கேட்டார். பின்பக்கம் தட்டிதான், தாண்டினால் மாட்டுக் கொட்டகை என்றேன். அப்படியானால் செம்பு உறை போட்டது வேண்டாம், அது துளைத்துக்கொண்டு போய்விடும், ஈய முனையே போதும் என்றார். ஆனால் ஈயமும் தட்டிக்கு நிற்காதாம். எதிரே யார் என்று பார்க்கும்போது, அவனுக்குப் பின்னால் யார் என்றும் பார்க்க வேண்டுமாம்.

அம்மா அதற்குள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு தோட்டாவாக வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். முனையைப் பிடித்து ஆட்டினாள்.

“கத்திரிக்காயாம்மா பொறுக்குற?” என்றார் கடைக்காரர். உடனே, “பொறுக்கும்மா, பொறுக்கு” என்றார். “முனை ஆடக் கூடாது. ஒடுக்கு வுழுந்திருக்கக் கூடாது. பச்சையா களிம்பு இருக்கக் கூடாது. கேப்பு உள்ளயும் போயிருக்கக் கூடாது, வெளியவும் துருத்தக் கூடாது. இந்தக் கண்ணு போதும் ஒனக்கு.”

அம்மா ஒன்றைத் தள்ளி வைத்தாள். அவர் எடுத்துப் பார்த்தார். மயிரிழை ஒடுக்கு. வேறொன்று கொடுத்தார்.

பஸ் செங்கல்பட்டைத் தாண்டியது. ஜன்னலைப் பார்த்தபடியே அம்மா சொன்னாள். “ஒன் நைனா சொன்னாரு, நீ செஞ்ச. நான் பார்த்துக்கினுதான இருந்தேன்?”

புதுத் தோட்டாவையும் நம்பிவிடக் கூடாது, சிலதைச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஸ்டேஷனில் சொன்னோம். ஏட்டு கூட வந்தார். ஏரி வற்றிக் கிடக்கிறது. ஆள், மாடு இல்லாத பக்கமாகப் பார்த்து, கரை மண்மேட்டுக்கு எதிரே நிற்க வைத்தார். முதலில் நம் பழைய தோட்டா. டக். உடனே திறக்காதே, சில சமயம் தாமதித்து வெடிக்கும், குழல் மேட்டையே பார்த்திருக்கட்டும் என்றார். நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று. டக். அந்தச் சத்தத்தை அப்படியே வீட்டு வாசலில் கேட்டவள் நான்.

பிறகு புதியது. என்ன சத்தம், நைனா. மேட்டில் மண் தெறித்தது. ஏரிக்குள் மேய்ந்த கொக்கெல்லாம் ஒரே மூச்சில் எழுந்தன. காது கொய்யென்றது. அஞ்சு போட்டேன், அஞ்சும் வெடித்தது. “ஏட்டு வேலைக்கு மனு போடும்மா” என்று சிரித்தார் ஏட்டு. அம்மா சிரிக்கவில்லை. மண் தெறித்த இடத்தைப் போய்ப் பார்த்தாள். அந்தக் குழியில் விரலை விட்டாள். எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவன் வந்தான். காலை ஊன்றினான். “இன்னா பாப்பா, வெடிக்குமா?”

உள்ளே போகாமல் நின்றேன். இத்தனை நாள் வெடிக்காது என்றுதான் பயந்தேன். இப்போது வெடிக்கும். எதிரே நிற்பது நம் ஏகாம்பரம் அண்ணன். சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துத் தெப்பம் காட்டியவன். ஏரி மேட்டில் விழுந்த குழி அவன் சட்டைக்கு நடுவில் தெரிந்தது. எந்தப் பயம் பெரிது, நைனா? நீங்கள் அழுத்தினபோது உங்களுக்கும் இது தெரிந்ததா?

“வெடிக்கும்ணா” என்றேன்.

“இன்னா?” என்றான். அவனுக்குக் கேட்கவில்லை.

கொட்டகையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “வெடிக்குமாம்டா. போ.”

மணி அடிக்காமல் போனான். அடுத்த நாளும் வந்தான். கேள்வி கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றான். அதுவும் பயமாகத்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் செங்கல்பட்டில் என் சாட்சி. ரிவால்வர் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். கோர்ட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. அவன் உங்களை வெட்டினதைச் சொல்ல ஸ்டேஷனுக்குப் போன அன்று எனக்குப் பேச்சே வராமல், காகிதம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். கோர்ட்டில் காகிதம் செல்லாதாம், வாயால் சொல்ல வேண்டுமாம். தினமும் கொட்டகையில் அம்மா வக்கீலாக நிற்கிறாள். “சத்தமா சொல்லு. மாடு கூட திரும்பிப் பாக்கல” என்கிறாள்.

அவன் வக்கீல் என்ன கேட்பார் என்று நம் வக்கீல் சொல்லிவிட்டார். உன் தகப்பனார் கையிலிருந்த ரிவால்வர் ஏன் வெடிக்கவில்லை? உண்மையிலேயே அவர் அழுத்தினாரா? நீ பார்த்தாயா? தோட்டா மக்கிப்போச்சு என்று சொன்னால் போதும், எண்ணெய்ப் பேச்சு எதற்கு என்கிறாள் அம்மா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் கேட்ட கேள்விக்கும் அன்று நான் தெரியாது என்றுதான் சொன்னேன், நைனா. இன்னொரு தரம் அதைச் சொல்ல மாட்டேன்.

இந்த ஆயுத பூஜைக்குத் தோட்டாக்கள் காய்ந்த தகர டப்பாவில் மூடியே இருக்கும். சந்தனமும் குங்குமமும் மூடிக்கு மட்டும். கூண்டில் ஏறி நிற்கிற அன்றைக்கு, அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாலும், அரிவாள் ஓங்கினதையும் நீங்கள் இரண்டு தரம் அழுத்தினதையும் சொல்வேன். ஏன் வெடிக்கவில்லை என்று கேட்டால், “எண்ணெய் போட்டது நான்” என்பதையும் கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு இதை எழுதும்,
உங்கள் ஒரே மகள்,
பாப்பா