பீரோவில் முட்டுக்கொடுத்த கிட்டார்

அன்பு மகள் விஜயராணிக்கு அப்பா எழுதுவது. இங்கே மும்பையில் அம்மாவும் நானும் சுகம், அம்மன் அருளால் தோஹாவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், அதனால் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன், எழுத்துக்கூட்டியாவது படித்துவிடு.

முதலில் என் மானம் போன கதை. போன வாரம் பக்கத்து வீட்டுப் பூலோகம் கதவைத் தட்டி, அண்ணாச்சி மோட்டார் ரிப்பேரா, ஒரே உறுமலா இருக்கு, தண்ணியத்தான் காணல என்று கேட்டான். மோட்டார் இல்லை, நான்தான். நீ பரணில் விட்டுப்போன பேஸ் கிட்டாரை எட்டு மாதமாக மொபைலில் வீடியோ பார்த்து வாசிக்கிறேன். ஸ்பீக்கர் பெட்டியை நீ போகும்போதே விற்றுவிட்டாய், வெறும் கிட்டாரில் சத்தம் கேட்கவில்லை, அதன் தலையை இரும்புப் பீரோவில் முட்டுக்கொடுத்தால் பீரோவே பாடுகிறது. சிரிக்காதே. முதலில் விறுவிறுவென்று வந்தது, நமக்குள்ளும் ஒரு வித்வான் இருக்கிறான் என்று கண்ணாடியெல்லாம் பார்த்துக்கொண்டேன். அதோடு சரி. பிறகு சயான் சிக்னலில் மாட்டிய பஸ் மாதிரி நிற்கிறேன், அதே பாட்டு, அதே இடத்தில் விரல் தடுக்குகிறது, கூட நேரம் வாசித்தால் கூடக் கெடுகிறது.

பரணில் கிடப்பதை விற்றுவிடுங்கள் என்று நீ சொன்னாயே, அம்மா அதைப் பிடித்துக்கொண்டு கிட்டாரை வாங்கிக்கொள்ளச் செம்பூரிலிருந்து அஸ்ரின் என்ற பெண்ணை வரவழைத்துவிட்டாள். நேற்று சின்ன ஸ்பீக்கரும் கையுமாக வந்தது. அது வாசித்தபோது இது நம் கிட்டார்தானா என்று இருந்தது. அம்மா சும்மா இராமல், இவுகளும் வாசிப்பாகல்லா என்று மாட்டிவிட்டாள். வாசித்தேன், முதல் தடவையாக என் வாசிப்பை நானே கேட்டேன். ஒரு கம்பியைத் தொட்டால் மற்ற மூன்றும் சேர்ந்து குழாயடிச் சண்டை போடுகின்றன. பீரோவின் உறுமலில் இதெல்லாம் எனக்குக் கேட்டதே இல்லை. அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அங்கிள் ஆராம்ஸே, மெதுவா மெதுவா, நீங்க வாசிக்கல, அடிக்கீங்க, சத்தம் வரணும்னு அடிச்சடிச்சே கை அப்படி ஆயிட்டு என்றது. தோல் பை தைக்கிற கை, வேறெப்படி இருக்கும். சும்மா இருக்கிற கம்பிகள்மேல் விரலைச் சாய்த்து அமர்த்திக்கொண்டு, மற்றதை மெதுவாகத் தொடச் சொன்னது. தொட்டேன். ஒரே ஒரு சுரம் தனியாக, சுத்தமாக வந்தது. அடுத்தது பழைய குருடி கதவைத் திறடி.

அந்தப் பெண் போனபின் மனசே விட்டுப்போயிற்று ராணி. கற்றதெல்லாம் தப்பு, இனி மறக்க ஒரு காலம், திரும்பக் கற்க ஒரு காலம், வயசு ஐம்பத்தாறு, காலையில் விரல்கள் மடங்கவே மாட்டேன் என்கின்றன. எனக்கு வராது, தெரிந்துவிட்டது. இன்று எடுக்கவே இல்லை. என்ன இன்னைக்கு மோட்டார் ஓடல என்று அம்மா கேட்டாள், செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, ஏசியிலேயே கிடக்காதே, அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. அம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாள். வருகிற ஞாயிறு அஸ்ரின் கிட்டாரை எடுத்துப்போக மறுபடி வருகிறது, அதற்குள் மறக்காமல் பதில் போடு, பொருள் உன்னுடையது, நீ சொல்வதுதான். மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இது எனக்கு வேணும் என்று சொல்ல வாய் வரவில்லை.

உன் அப்பா,
நம்பிராஜன்