அப்பாவின் கால்சட்டையும் மேல்சபையும்

நியூயார்க், 1789 ஏப்ரல் 8

என் செல்ல மகள் லைஸ்பெத்துக்கு, அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம், ஓஹியோ ஆற்றங்கரையில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் டியூனிசும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. பேரன் உன் இடுப்புக்கு வளர்ந்துவிட்டானாமே, அது நம் பக்கத்து உயரம், மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் குள்ளம். அவரிடம் இதைப் படித்துக் காட்டாதே. சேதி என்னவென்றால் நம் நாட்டுக்குப் புது அரசாங்கம் வந்துவிட்டது, ஐந்து வருஷம் மட்டும் பள்ளிக்கூடம் போன உன் அம்மா அதை ஒரு காலைப் பொழுது நிறுத்தி வைத்தாள்.

மார்ச் நாலாம் தேதியே பீரங்கி வெடித்து மணியடித்து சபை மண்டபத்தைத் திறந்தார்கள், உட்காரத்தான் ஆள் இல்லை. ஒவ்வொருவரும் எந்தச் சேற்றில் சிக்கிக் கிடந்தார்களோ. மேல்சபையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் நாட்டுத் தலைவர் தேர்தலின் ஓட்டுச் சீட்டுகளைப் பிரித்து எண்ணவே முடியுமாம், அந்தப் பன்னிரண்டு தேறவேயில்லை. பக்கத்து வீட்டு டிரைன்ட்யே தினமும் வேலிக்கு மேலே தலையை நீட்டி, “என்னடி ஃபெம்மெட்யே, கோயில் மணி அடிச்சாச்சு, மாப்பிள்ளையத்தான் காணோம், பேசாம பழைய ராஜாவையே கூப்பிட்டுக்கலாமா?” என்று என் வாயைக் கிண்டுவாள். எனக்கு நெஞ்சு எரியும். இதற்காகத்தானே உன் அப்பா துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனார், திரும்பி வரவில்லை. சபை கூடாமலே கலைந்துவிட்டால் அவர் போனது எதற்கு?

ஞாயிறு சாயங்காலம் என் வீட்டில் வாடகைக்குத் தங்க மேல்சபைக்காரர் ஒருவர் வந்தார், பெயர் ஓபதியா பிரிம், குச்சி மாதிரி ஆள், இடுப்பு வரைக்கும் சேறு. பெட்டி படகுத்துறையிலேயே நின்றுவிட்டதாம். என் தரை எப்படிப் பளபளவென்று இருக்கும் என்று உனக்குத் தெரியும். அவரைப் படுக்கைக்கு விரட்டிவிட்டு, மறுநாள் சலவை நாள்தானே என்று அந்தக் கம்பளிக் கால்சட்டையைச் சாம்பல் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஓய்வுநாளில் வேலை செய்தால் கர்த்தர் சும்மா விடுவாரா? காலையில் மண்டபத்து வாசல்காரக் கிழவர் மூச்சிரைக்க வந்து, “பதினோரு பேர் உக்காந்திருக்காங்கம்மா, ஒருத்தர் வந்தாப் போதும், உங்க ஆளை அனுப்புங்க” என்கிறார். என் ஆளோ கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு மாடிப்படியில் நிற்கிறார். “அம்மா, என் கால்சட்டை எங்கே?” என்றார். கொடியில் அரசாங்கம் சொட்டிக்கொண்டிருந்தது. டிரைன்ட்யே வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், “இத்தனை நாள் சேறு நிறுத்திச்சு, இன்னிக்கு நீ நிறுத்திட்டே!”

ஏழு வருஷமாக நான் திறக்காத அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். அதன் முன்னால் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன், முழங்கால் வலி என்று கிழவரிடம் சொல்லிவிட்டேன். பழைய டச்சுக் கால்சட்டை, பிரிம் ஐயா மாதிரி இரண்டு பேர் நுழையலாம். என் ஏப்ரன் நாடாவால் இறுக்கிக் கட்டினேன். “நான் பாய்மரக் கப்பல் மாதிரி இருக்கேனே அம்மா” என்றார். “காத்து நல்லா அடிக்குது, கிளம்புங்க” என்றேன். அவர் திரும்பியபோதுதான் பார்த்தேன். ஒன்பது வயசில் நீ பின்பக்கம் போட்டாயே ஒரு ஒட்டு, சிவப்பு நூலில், கோணல்மாணலாக, அது அப்படியே இருந்தது. “என் மக போட்டது, யாரும் பிரிக்கக் கூடாது” என்று அப்பா சொல்வாரே.

அவர் போய் உட்கார்ந்ததும் பன்னிரண்டு ஆயிற்று, அன்று மத்தியானமே சீட்டை எண்ணிவிட்டார்கள். டிரைன்ட்யே இப்போது வேலிப்பக்கம் வருவதில்லை. நான்தான் போய்ப் போய்ச் சொல்லிக் காட்டுகிறேன், இந்த வயசில் இந்தப் பெருமை எனக்கு ஆகாதுதான்.

பிரிம் ஐயாவின் கம்பளிக் கால்சட்டை சுருங்கி டியூனிசுக்கு ஆகிற அளவு வந்துவிட்டது. அவரே சிரித்துக்கொண்டு கொடுத்துவிட்டார், இத்தோடு அனுப்புகிறேன், குளிருக்குப் போட்டுவிடு, துவைக்க மட்டும் துவைக்காதே. பெட்டி வந்த பிறகும் அவர் அப்பாவுடையதைத்தான் கட்டிக்கொண்டு போகிறார், ராசியாம். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதற்காக இத்தனை தூரம் நடந்த மனுஷர் உன் அப்பா, கொஞ்ச நாள் அங்கே உட்காரட்டும்.

மூன்று பேரும் நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல் இருங்கள். பதில் போடு, சிவப்பு நூல்கண்டு இரண்டு கால்சட்டையோடு வைத்திருக்கிறேன், அதையும் பார்.

உன் அம்மா,
ஃபெம்மெட்யே