கண்ணாடியில் ஒட்டியிருந்த திருடன்

அக்கா,

இன்று காலை பஸ்ஸில் முன் சீட்டுக் குழந்தை திரும்பி மூக்கைச் சுருக்கியதைத்தான் முதலில் பார்த்தேன். "அம்மா, இந்தக்கா மேல பீரோ வாசன வருது" என்றது. அம்மா பதறி அதன் வாயைப் பொத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் எத்தனை சோப்பு மாற்றிப் பார்த்தோம்! "இது போவாதுடி. கல்யாணத்துக்குப் போனா பட்டுப்பொடவைங்களோட நாமளும் ஒரு பொடவையா நின்னுக்கலாம்" என்பாய்.

பத்தாவதைப் பாதியில் விட்டுவிட்டு, திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு அந்துருண்டைக் கொட்டகை வேலைக்கு வந்தேன். யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவேன். "வாயில உருண்டய அடக்கிக்கினு கீறியா?" என்று நீதான் முதலில் கேட்டாய். எனக்கு ஊமச்சி என்று பேர் வைத்ததும் நீதான்.

டிரம்மில் வரும் வெள்ளைத் தூளை மெஷினில் அழுத்தி உருண்டையாக்கி, பாக்கெட்டில் அடைப்பது நம் வேலை. அது நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பது, சாயம் தயாரிக்கவும் தோல் பதனிடவும் போகிறது, அதில் செய்த மருந்தைக் கான்கிரீட்டில்கூடக் கலக்கிறார்கள் என்று லாரி டிரைவர் சொன்னார். மறுநாளே நீ மேம்பாலத்தைக் காட்டி, "பாருடி, நம்ம சொந்தக்காரன் பாலத்தயே தூக்கிக்கினு நிக்கிறான். நாம இன்னும் கரப்பான் வெரட்டிக்கினு கெடக்கிறோம்" என்றாய்.

ஒரு பொங்கல் லீவு முடிந்து கொட்டகையைத் திறந்தோம். ஒரு டிரம்மில் எடை குறைந்திருந்தது. லீவுக்கு முன் கடைசியாகப் பூட்டியது நான்.

"இன்னா, வூட்டுக்கு எடுத்துக்கினு போனியா? பேசு. பேசலன்னா நீதான் எடுத்தேன்னு அர்த்தம்" என்றார் சூப்பர்வைசர் அண்ணன்.

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். திருட்டுப் பேரோடு வெளியே போனால் வேறு யாரும் வேலை தரமாட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

நீ டிரம்மைப் பார்த்தாய், கூரையைப் பார்த்தாய், ஜன்னலைப் பார்த்தாய். ஸ்டூல் மேல் ஏறிக் கண்ணாடியை நகத்தால் சுரண்டினாய். உப்புப் பொரிந்ததுபோல் வெள்ளையாக உதிர்ந்தது. "அண்ணே, திருடன் ஆப்ட்டான், வாங்க!" என்று கத்தினாய்.

திறந்து கிடந்தால் அந்தத் தூள் உருகாமலே ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் மறுபடி கட்டியாய் உட்காரும். பதங்கமாதல் என்று நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான். அந்த நேரத்துக்கு நினைவில் வரவில்லை. பள்ளிக்கூடமே போகாத நீ கண்ணாடியைப் பார்த்தே கண்டுபிடித்தாய்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "டிரம்முக்குள்ள கீற பைய கட்டி மூடாம வுட்டது நான்தாண்ணே. முகையூர் பஸ்ஸு போயிடும்னு ஜல்தியா ஓடிட்டேன்" என்றாய்.

"அப்ப நாளைலேர்ந்து நீ வராத."

நீ சிரித்துக்கொண்டேதான் மாஸ்க்கைக் கழற்றினாய். கழற்றியதை மடித்து என் கையில் வைத்தாய்.

"அவங்க போனா நானும் போறேண்ணே" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான். "பூட்டினது நான். மூடியத் தொட்டுப் பாத்திருக்கணும்."

கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

"இது பேசுமா?" என்றார் அண்ணன்.

நீதான் முதலில் சிரித்தாய். பிறகு எல்லோரும். கடைசியில் அவராலும் அடக்க முடியவில்லை. "போங்க, ரெண்டு பேரும் அந்தத் திருடனச் சொரண்டி டிரம்முல போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பொழுதுக்கும், "ஊமச்சி வக்கீலாயிட்டாடி!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாய்.

போன ஆடியில் டெங்கு வந்து நீ போய்விட்டாய். ஆனால் அன்று வெளியே வந்த குரலை நான் திரும்ப உள்ளே போட்டுக்கொள்ளவில்லை, அக்கா. நேற்று உன் இடத்தில் ஒரு புதுப் பெண்ணை உட்கார வைத்தார்கள். முகையூர் பக்கம்தானாம். குனிந்த தலை நிமிரவே இல்லை. இன்று மதியம் சோற்றுக்கு மணி அடித்ததும் டிபன் பாக்ஸோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உன் பேரு இன்னா?" என்று கேட்டேன்.