தூணடியில் ஊற்றிய தண்ணீர்

கோப்பாய்,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள கலாவுக்கு,

உன்னையும் பிள்ளைகளையும் ஆண்டவர் காக்க வேண்டும். அப்பா இன்று நான் கொண்டுபோன சோற்றில் பாதி சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். முறிந்த காலில் தகடு வைத்த புண் காய்ந்து வருகிறதாம். ஆனால் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்து நிற்க அந்தக் கால் இனி உதவாதாம். இதை அவர் உனக்குச் சொல்லமாட்டார்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் என்றால் நான் தொடங்க முதலே நீ "பரவாயில்லை ரீச்சர்" என்று சொல்லிவிடுவாய். அதைச் சாட்டாக வைத்து நானும் வாயை மூடிவிடுவேன். கடிதத்தில் என்னை ஒருவரும் மறிக்க ஏலாது.

அப்பா கிணற்றடியில் வழுக்கி விழவில்லை. அது பொய். என்னுடைய தண்ணீர்த் தாங்கி மதிலுக்கு மேலால் சரிந்து அவர் மேல் விழுந்தது.

உங்கள் மதிலோரம் நாலு சீமெந்துத் தூண்களின் மேல் அது நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். வளவு கூட்டுகிற குப்பை முழுவதையும் அதில் ஒரு தூணடியில் குவித்துத்தான் கொளுத்துவேன். காற்றுப் படாத மூலை. தேங்காய்ப் பொச்சுமட்டையும் பனங்கொட்டையும் சேர்ந்தால் சூளை மாதிரி நின்று எரியும். தணலை அப்படியே விட்டுவிட்டுப் போகிற ஆள் நானில்லை. ஒவ்வொரு தடவையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். என் கவனத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

உன் அப்பா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "ரீச்சர், கொடியிலை உடுப்புக் காயுது. உந்த நெருப்பை ஒருக்கா அங்காலை தள்ளி வைக்கேலாதோ" என்று எத்தனை தரம் கேட்டிருப்பார். "எனக்குப் படிப்பிக்க வராதையுங்கோ" என்று ஒருநாள் முகத்தில் அடித்தமாதிரிச் சொன்னேன். மனுசன் ஒன்றும் பேசாமல் உடுப்பை அள்ளிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. புகை எழும்பினால் வந்து உடுப்பை எடுப்பார், அவ்வளவுதான்.

தூணின் அடியில் வெடிப்பு விழுந்து வெள்ளையாக மா உதிர்ந்தது. பழைய வெள்ளைப்பூச்சு கழருகிறதாக்கும் என்று கூட்டித் தள்ளிவிட்டு மேலே இன்னொரு பூச்சுப் பூசினேன். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் அது சீறி, ஊதி, மாவாய் உதிரும் என்று வகுப்பில் செய்து காட்டியவள் நான். முன் வாங்கில் இருந்து வாய் பிளந்து பார்த்தவள் நீ. இறுகின சீமெந்துக்குள்ளும் அந்தச் சுண்ணாம்பு தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கடும் நெருப்பு அந்தத் தண்ணீரைப் பறித்துவிடும். பிறகு நனைத்தால் திரும்பக் குடித்து, வீங்கி, தூணை உள்ளேயிருந்து பிளக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும், பிள்ளை. தெரிந்துகொண்டே சுட்டேன், நனைத்தேன், திரும்பவும் சுட்டேன். தெரியாதவள் செய்திருந்தால் அதைப் பிழை என்று சொல்லலாம். நான் செய்ததற்கு என்ன பேர் வைப்பது?

அன்றும் கொளுத்தினேன். தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, மோட்டரைப் போட்டுத் தாங்கியை நிரப்பினேன். அணைத்த பிறகும் எழும்பிய என் புகைக்குப் பயந்து கொடியில் கிடந்த உடுப்பை எடுக்க அப்பா வந்திருக்கிறார். நிரம்பிய பாரத்தோடு தூண் நொறுங்கியது. அவர் விலகிப் பாய்ந்தபடியால் கால் மட்டும் அகப்பட்டது.

ஓட்டோவில் போகும்போது, "கலாவுக்குச் சொல்லாதையுங்கோ ரீச்சர். கிணத்தடியிலை வழுக்கினதெண்டு சொல்லுவம். அவள் உங்களைச் சாமி மாதிரி வைச்சிருக்கிறாள்" என்றார். எலும்பு முறிந்து துடிக்கிற நேரத்திலும் அந்த மனுசன் என் மானத்தைத்தான் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன். வெட்கங்கெட்டவள்.

"ரீச்சர் பக்கத்திலை இருக்கிறபடியால்தான் நான் இஞ்சை நிம்மதியா நித்திரை கொள்ளுறன்" என்று நீ அனுப்பிய குரலைக் கேட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். போன ஞாயிறு தேவாலயத்தில் போதகர், அயலவருக்குப் பணிவிடை செய்கிற சகோதரி என்று எல்லோருக்கும் முன்னால் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். வாங்குக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. அப்போதும் எழும்பி நின்று உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மற்றத் தூண்களையும் இடிப்பித்துவிட்டேன். அப்பாவின் உடுப்பை இப்போது நான்தான் தோய்த்து அதே கொடியில் காயப்போடுகிறேன். நேற்று இடுப்பில் உடுத்த எடுத்த சாரத்தை முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப புகை மணக்கேல்லை ரீச்சர்" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. பொய் சொன்னார் என்று அவரைக் கோபிக்காதே, அது எனக்காகச் சொன்ன பொய். ஆவணியில் நீ வரும்போது என் படலையைத் தாண்டி நேரே அப்பாவிடம் போனாலும் குறை நினைக்கமாட்டேன். என்னோடு கதைக்க மனம் வராவிட்டால் மதிலடியில் நின்று வாய் நிறைய ஏசு. உன் அப்பாவைப் போல ஒன்றும் சொல்லாமல் மட்டும் போய்விடாதே, மகள். அதைத் தாங்க என்னால் ஏலாது.

உன் பிள்ளைகள் நல்லாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பக்கத்து வளவு றெபேக்கா