பக்கத்து சீட்

குமுளி,
12-1-1974

மதிப்பிற்குரிய காளிச்சாமி அண்ணன் அவர்களுக்கு, சுருளிவேல் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நானும் வேலுத்தாயும் நலம். கொழிஞ்சாம்பாறையில் நீங்களும் அண்ணியும் சென்னிமலையும் நலம்தானே?

சுவக்கீன் முதலாளியின் டிரைவிங் ஸ்கூலை விட்டுப் கார்த்திகையிலேயே வந்துவிட்டேன். பதினோரு வருஷம் அங்கே சொல்லிக் கொடுத்தவன். பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து அவர் ஒரு புதுச் சட்டம் போட்டார். மலை உச்சியில் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, அடிவாரத்து லோயர் கேம்ப் வரைக்கும் பிரேக்கிலேயே இறக்க வேண்டுமாம். "வண்டி தானாத்தான எறங்குது, அதுக்கு எதுக்குய்யா பெட்ரோல ஊத்தணும்?" என்று கேட்டார். "எறங்கும் மொதலாளி, நிக்கத்தான் செய்யாது" என்றேன். அதோடு முடிந்தது.

என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். கீழே போய்ச் சேர்ந்ததும் மாணவன் இறங்கிச் சக்கரத்துப் பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சுட்டால் பிரேக்கிலேயே இறக்கியிருக்கிறான் என்று அர்த்தம்; அன்றைய பாடம் மறுபடியும் முதலிலிருந்து. எழுபத்திரண்டில் நீங்கள் முதல் நாள் விரலைச் சுட்டுக்கொண்டு என்னைத் திட்டியது நினைவிருக்கிறதா?

அன்றைக்கு நீங்கள் சொன்ன வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. "நீ தனியா வா தம்பி. எங்க பக்கத்துல இருந்து ஏலத்தோட்டம் வாங்கறவன் ஒருத்தனும் அந்த சுவக்கீன் கடைப்படி மிதிக்க மாட்டானுங்க" என்றீர்கள். அந்தத் தைரியத்தில்தான் வேலுத்தாயின் பாகத்தில் வந்த தென்னந்தோப்பை விற்றுப் பழைய ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறேன். போர்டு எழுதலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
சுருளிவேல்

*

கொழிஞ்சாம்பாறை,
3-2-1974

பிரியமுள்ள தம்பி சுருளிவேலுக்கு, காளிச்சாமி ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைக் கமலாத்தாளுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தத் தம்பிக்கு இப்பவாச்சும் புத்தி வந்துச்சுங்களே" என்றாள். எனக்கும் அதே சந்தோஷம்தான்.

போர்டெல்லாம் எதற்கு? போர்டு வைக்கிறவன் முகம் தெரியாதவனுக்காக வைக்கிறான். எங்கள் வாய்தான் உனக்குப் போர்டு. இந்தப் பக்கத்தில் ஏழு வீட்டுக்காரர்கள் உங்கள் மலையில் தோட்டம் வாங்கியிருக்கிறோம். சமவெளியில் மாட்டு வண்டி ஓட்டியவர்கள், வளைவைக் கண்டால் கண்ணை மூடுகிறவர்கள். எல்லோரும் உன்னிடம்தான் வருவார்கள். நான் சொன்னால் சொன்னதுதான்.

சென்னிமலையைப் பரீட்சை முடிந்ததும் மே மாதம் அனுப்புகிறேன். ஒரே பையன். அவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கிற நாளில் பக்கத்து சீட்டில் உன்னைத் தவிர வேறு ஒருவனை உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

பஸ் டிரைவரிடம் ஒரு மூட்டை நிலக்கடலை கொடுத்தனுப்பியிருக்கிறேன். வாங்கிக்கொள்.

அன்புடன்,
காளிச்சாமி

*

குமுளி,
18-8-1974

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

கடலை தீர்ந்துவிட்டது. மே மாதமும் தீர்ந்துவிட்டது. சென்னிமலை வரவில்லை. அந்த மாதம் முழுவதும் காலை நேரத்தை அவனுக்காகவே காலியாக வைத்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டதால் தாமதமோ என்று ஆனியிலும் வேறு ஆளை ஏற்கவில்லை. இப்போது என்னிடம் படிப்பது ஒரே ஒரு ஆள். ஏலப்பாறை டீ பாக்டரி கிளார்க்கின் மனைவி மதலேனம்மாள். வளைவு வந்தால் ஜெபம் சொல்கிறார்கள், ஆனால் கியரை மறப்பதில்லை.

மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். போன வாரம் செக்போஸ்ட் பக்கம் சுவக்கீன் ஸ்கூல் காரை ஒரு பையன் ஓட்டி வந்தான். உங்களைப் போலவே நெற்றி, உங்களைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு திருப்புகிறான். பக்கத்தில் போய், "தம்பி, கொழிஞ்சாம்பாறையா?" என்று கேட்டேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். பின் சீட்டில் உங்கள் மைத்துனர் இருந்தார். அவர் மறுபக்கம் பார்த்தார்.

அது உங்கள் பையன் இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் நம்பிவிடுவேன்.

தங்கள்,
சுருளிவேல்

*

கொழிஞ்சாம்பாறை,
9-9-1974

தம்பி சுருளிவேலுக்கு,

கோபப்படாதே. அது சென்னிமலைதான். எனக்கு எழுதக் கை வரவில்லை, அதனால்தான் தாமதம்.

இது என் மைத்துனர் செய்த ஏற்பாடு. "மாமா, கடைன்னா நாளைக்கும் அங்கதான் இருக்குமுங்க. தனியாளு காய்ச்சல்னு படுத்துட்டா பையன் நடுவழியில நிக்கோணுமுங்க" என்றார். ஸ்கூலில் இரண்டு கார் இருக்கிறது, தங்க ரூம் இருக்கிறது, முத்திரை வைத்த ரசீது இருக்கிறது. லைசென்ஸ் டெஸ்டுக்குத் தேதி வாங்குவதையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். தேதிதான் தள்ளிக்கொண்டே போகிறது, அது வேறு விஷயம். மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் என்னைப் பார்த்துத்தான் அங்கே போனார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் யாரையும் போகச் சொல்லவில்லை.

ஆனால் ஆள் என்று பார்த்தால் நான் உன் ஆள்தான். என் தங்கை பழனாத்தாளின் மகன் வளர்ந்ததும் உன்னிடம்தான் அனுப்புவேன்.

பையன் நன்றாகத் தேறிவிட்டான். இன்ஜினை அணைத்துவிட்டு மலையிலிருந்து இறக்குகிறான், ஊஞ்சலில் போவதுபோல் இருக்கிறது. ஒரு சத்தம் இல்லை. நீ பார்த்தால் உனக்கே ஆசை வரும்.

அன்புடன்,
காளிச்சாமி

*

குமுளி,
16-9-1974

அண்ணன் அவர்களுக்கு,

எனக்குக் கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். என் வீட்டுக்காரியின் தோப்பை விற்றது உங்கள் வாயை நம்பி. அது என் முட்டாள்தனம், போகட்டும்.

பையன் விஷயம் மட்டும் கேளுங்கள். நீங்கள் ஊஞ்சல் என்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்ஜின் பிடிக்காத வண்டியைப் பிரேக் எத்தனை வளைவு வரைக்கும் பிடிக்கும்? சூடேறினால் மிதி தரைக்குப் போய்விடும். அவனை இரண்டே நாள் என்னிடம் அனுப்புங்கள். எனக்கு ஒன்றும் தர வேண்டாம். சுவக்கீனுக்கும் சொல்ல வேண்டாம். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஏறின கியரில் இறங்கக் கற்றுக்கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அதற்குப் பிறகு நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் கேட்க மாட்டேன்.

பதில் போடுங்கள்.

சுருளிவேல்

*

குமுளி,
2-11-1974

அண்ணன் அவர்களுக்கு,

முன்பு எழுதிய கடிதம் கிடைத்ததா? இரண்டு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் போதும்.

சுருளிவேல்

*

கம்பம்,
21-5-1975

என் உயிருக்குயிரான தம்பி சுருளிவேலுக்கு, காளிச்சாமி கண்ணீரோடு எழுதுவது.

உன் கடிதங்களுக்குப் பதில் போடாதது என் தப்பு. மனதில் வைத்துக்கொள்ளாதே. உனக்கு விஷயம் எட்டியிருக்கும். போன வெள்ளிக்கிழமை காலை சென்னிமலை எங்கள் ஜீப்பைத் தனியாக எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறான். மூன்றாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. தோட்டத்து வேலைக்கு மலை ஏறிக்கொண்டிருந்த சந்தனம் என்ற பெண்மேல் ஏறி, பாறையில் மோதி நின்றிருக்கிறது. அவளுக்கு ஒரு கால் போய்விட்டது. பையனுக்குக் கை முறிவுதான். போலீசார் அழைத்துப் போயிருக்கிறார்கள். கமலாத்தாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

அவனிடம் இருப்பது இன்னும் கற்றுக்கொள்ளும் லைசென்ஸ்தான். பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேஸ் பெரிதாகும் என்று வக்கீல் சொல்கிறார். சுவக்கீனிடம் ஓடினேன். "எங்க ஆள் யாரும் கூட வரல. எங்க ஸ்கூல் பேரே வரக்கூடாது" என்று கதவைச் சாத்திவிட்டார். அவருக்குக் கடை இருக்கிறது, பர்மிட் இருக்கிறது, பயப்படுகிறார்.

உனக்கு அப்படி இல்லை. போர்டும் கிடையாது, ரிஜிஸ்டரும் கிடையாது. போவதற்கு என்ன இருக்கிறது? அன்று காலை பக்கத்து சீட்டில் நீ இருந்தாய் என்று ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிடு. நான் ஏற்கெனவே இன்ஸ்பெக்டரிடம் உன் பேரைச் சொல்லியிருக்கிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவன் நீ, என் மகனுக்கும் கற்றுக்கொடுத்தாய் என்றால் அதில் பொய் எவ்வளவு?

நமக்குள் இருக்கிற பழக்கத்தை நினைத்துப் பார். மற்ற ஆறு வீட்டுக்காரர்களையும் நாளைக்கே உன்னிடம் திருப்பிவிடுகிறேன்.

உன் அண்ணன்,
காளிச்சாமி

*

குமுளி,
27-5-1975

திரு. காளிச்சாமி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சந்தனத்தைப் பார்த்தேன். செருப்பு வார் அறுந்து, ரோட்டோரம் குனிந்து கட்டிக்கொண்டிருந்தாளாம். "சத்தமே இல்லண்ணே. வண்டி சத்தம் கேட்டிருந்தா ஒதுங்கியிருப்பேன். தெனமும் எத்தன வண்டிக்கு ஒதுங்குறேன்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ஊஞ்சல் என்று நீங்கள் எழுதியது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போனேன். அந்த வெள்ளிக்கிழமை காலை நான் ஏலப்பாறை ரோட்டில் மதலேனம்மாளுடன் இருந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர்களும் வந்து சொன்னார்கள். உங்கள் பையனுக்கு எதிராக நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. யார் கற்றுக்கொடுத்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "அதை அவங்க அப்பா சொல்லுவாரு சார்" என்றேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும். சுவக்கீன் பேரைச் சொன்னால் உங்களுக்கும் ஒன்றும் போகாது.

அந்தப் பக்கத்து சீட்டுக்காக நான் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். மே மாதம் முழுக்கக் காலையில் ஜீப்பைத் துடைத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்தேன். சும்மா வந்து உட்காருகிறேன் என்று எழுதினேன். இரண்டு நாளை ஒரு நாளாகக் குறைத்தும் எழுதினேன். வண்டி ஓடுகிறபோது எனக்கு அதில் இடம் கொடுக்காதவர், பாறையில் மோதி நின்ற பிறகு உட்காரச் சொல்கிறீர்கள்.

ஆறு வீட்டுக்காரர்களையும் அனுப்ப வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் பெயின்டரிடம் போர்டு எழுதக் கொடுத்தேன். நேற்று மாட்டியாயிற்று. வேலுத்தாய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

சென்னிமலையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவன் கண்ணாடியை ஏற்றியபோதே நான் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும்.

சுருளிவேல்,
டிரைவிங் மாஸ்டர்